டைமருக்குத் தெரியாத கணக்கு

மும்பை லாமிங்டன் ரோட்டின் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் உள்ளங்கை அளவில் ஒரு போர்டு கிடைக்கும். அதில் ஒரு சின்ன சிப், ஒன்றிரண்டு கெபாசிட்டர், திருகுவதற்கு இரண்டு குமிழ், ஓரத்தில் நீல நிறச் சதுரப் பெட்டியாக ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். எத்தனை விநாடி எரிய வேண்டும் என்பதை ஒரு குமிழிலும், எத்தனை விநாடி அணைந்திருக்க வேண்டும் என்பதை இன்னொன்றிலும் வைத்துவிட்டால், நாம் நிறுத்தும்வரை அது தன் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்கும். கடையில் சைக்ளிக் டைமர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ரிலேயின் தலையில் '10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி' என்று அச்சடித்திருக்கும். நம்முடைய விளக்கோ மோட்டாரோ நாலைந்து ஆம்பியர்தானே இழுக்கப்போகிறது, இது தாராளம் என்று வாங்கி வந்துவிடுகிறோம்.

ரிலேயின் தலையில் அச்சடிக்காத எண் ஒன்று உண்டு. தயாரிப்பாளரின் விவரத்தாளைத் தேடிப் படிப்பவர்களுக்குத்தான் அது தெரியும். இந்த நீலப் பெட்டி ரகத்தை, மின்சாரம் எதுவும் பாயாமல் வெறுமனே 'டிக் டிக்' என்று இயக்கினால் சுமார் 1 கோடி தடவை தாங்கும். முழு லோடு வைத்து இயக்கினால் சுமார் 1 லட்சம் தடவைதான். ஐந்து விநாடி எரிந்து ஐந்து விநாடி அணையும் விளக்கு ஒரு நாளில் 8,640 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் 1 லட்சம் என்பது பன்னிரண்டு நாள் கணக்கு. அதே ரிலேயைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு வைத்தால், காகிதத்தில் 130 வருடத்துக்கு மேல் வரும். சுவிட்சின் ஆயுளை நாள் கணக்கில் பார்ப்பது வீண். தடவைக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

கிங்ஸ் சர்க்கிளை எடுத்துக்கொள்வோம். மும்பை மாட்டுங்காவின் இந்த வட்டத்தில் ஜிஎஸ்பி சேவா மண்டல் 1955 முதல் கணேஷ் உற்சவம் நடத்திவருகிறது. உற்சவம் ஐந்தே நாள். விநாயகருக்குச் சாத்தும் தங்கத்தின் எடைக்காகவே நாடு முழுக்கச் செய்தியாகும் பந்தல் அது. அந்த நாட்களில் வட்டாரமே விளக்குத் தோரணத்தில் மின்னும். அப்படிப்பட்ட ஒரு தோரணத்தை மேலே சொன்ன ஐந்து விநாடி டைமரில் மாட்டி, மாலையில் ஆறு மணி நேரம் ஓட்டினால், ஒரு மாலைக்கு 2,160 தடவை, ஐந்து மாலைக்கும் சேர்த்து 10,800. ரிலேயின் ஆயுளில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகியிருக்கும். பண்டிகை முடிந்ததும், 'நல்லாத்தானே ஓடுச்சு' என்று அதையே கழற்றிக் கடையின் பெயர்ப்பலகைக்கு மாட்டுகிறவர்கள் உண்டு. தினமும் ஆறு மணி நேரம் ஓடினால் அங்கே ஒன்றரை மாதத்தில் 1 லட்சம் வந்துவிடும். பலகை அணையவே அணையாமல் எரியும்; அல்லது எரியவே எரியாது. பழி டைமர் மேல் விழும்.

உண்மையில் டைமர் பாவம். காலத்தை எண்ணுவது மின்னணுவியலில் எளிய வேலைகளில் ஒன்று. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972-ல் சந்தைக்குக் கொண்டுவந்த 555 சிப் இன்றும் இந்த வேலைக்குப் போதும். கெபாசிட்டர் ஒன்று ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரம்புகிறது. சப்ளை வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் சிப் அதைக் காலி செய்யத் தொடங்குகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரப்புகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் கடிகாரம். இதெல்லாம் ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட் உலகத்தில் நடப்பது. தொல்லை தொடங்குவது ரிலேயின் மறுபக்கத்தில், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அதன் கான்டாக்டை, அதாவது சேர்ந்து விலகும் உலோக முனைகளை, தொடும் இடத்தில்.

முதலில் பழைய குண்டு பல்பு. 100 வாட் பல்பு எரியும்போது அதன் இழையின் மின்தடை சுமார் 530 ஓம். கிட்டத்தட்ட அரை ஆம்பியர் பாயும். அணைந்து ஆறிய இழைக்குத் தடை 40 ஓம் சுற்றுவட்டாரத்தில்தான். டங்ஸ்டன் சூடேற ஏற மின்சாரத்தை அதிகம் தடுக்கும் உலோகம். 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி 325 வோல்ட் வரை போகும். அந்த உச்சியில் ஆறிய பல்பைப் போட்டால் ஒரு கணம் 8 ஆம்பியர் பாயும். பல்பு பெரும்பாலும் போட்ட நொடியில் 'டப்'பென்று போவதற்கு இதுதான் காரணம். தேய்ந்து மெலிந்த இடம் மற்ற இடங்களைவிட வேகமாகச் சூடாகி அறுந்துவிடும்.

எல்இடி வந்த பிறகு இந்தக் கவலை ஒழிந்தது என்று நினைத்தால், நடந்தது நேர்மாறு. எல்இடி விளக்கின் அடியில் ஒரு டிரைவர் இருக்கிறது. ஏசியை டிசியாக்கி ஒரு கெபாசிட்டரில் தேக்குவது அதன் முதல் வேலை. காலியான கெபாசிட்டர், முதல் சில நூறு மைக்ரோ விநாடிகளுக்கு ஷார்ட் சர்க்யூட் போலவே நடந்துகொள்ளும். பத்து வாட் விளக்கு எரியும்போது இழுப்பது ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது; போட்ட கணத்தில் இழுப்பதோ பல ஆம்பியர். முப்பது விளக்கை ஒரே ரிலேயில் கோத்தால் முப்பது கெபாசிட்டரும் ஒரே நேரத்தில் வாய் திறக்கும். இது போதாதென்று, ரிலேயின் கான்டாக்ட் மூடும்போது ஒரே தட்டில் ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லி விநாடிகளுக்கு மோதித் துள்ளி, மறுபடி மோதித்தான் நிலைகொள்ளும். அந்தத் துள்ளலின் நடுவே அத்தனை ஆம்பியரும் பாய்ந்தால் முனையிலுள்ள வெள்ளிக் கலவை உருகி, இரண்டும் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். வாட்டைக் கூட்டி லோடு கணக்குப் போடும் பழக்கம் இங்கே கைவிட்டுவிடுகிறது. இது எல்இடிக்கு மாறிய பல இடங்களில் நடந்த கூத்து. கரண்ட் பில் வெகுவாகக் குறைந்தது, ரிலே மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் போனது.

மூடும்போது ஒட்டல் என்றால், திறக்கும்போது பொறி. மோட்டார், சோலினாய்டு வால்வு, பழைய சோக்கு வைத்த டியூப்லைட் என்று காயில் உள்ள எந்தச் சாதனத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைச் சட்டென வெட்ட முடியாது. அடுக்குமாடியில் வேகமாகத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் குழாயை ஒரே திருப்பில் அடைத்தால் சுவருக்குள் 'டம்' என்று ஓர் அதிர்வு கேட்குமே, அதேபோல இங்கேயும் ஒரு வோல்டேஜ் அதிர்வு எழும். அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி நீண்ட கம்பிச் சுற்றுகளை வெட்டும்போது பொறி பறப்பதைக் கவனித்து 1832-லேயே எழுதியிருக்கிறார். அந்த வோல்டேஜ், விலகிக்கொண்டிருக்கும் கான்டாக்டின் நடுவே காற்றையே கடத்தியாக்கிவிடுகிறது. அதுதான் ஆர்க். அதன் வெப்பத்தில் ஒவ்வொரு தடவையும் துளியிலும் துளியாக உலோகம் ஆவியாகிறது.

ஏசியில் நமக்குக் கிடைத்த வரம், மின்னோட்டம் விநாடிக்கு 100 தடவை தானாகவே பூஜ்யத்தைத் தொடுவது. அதிகபட்சம் 10 மில்லி விநாடி காத்திருந்தால் ஆர்க் தானே அணைய ஒரு வாய்ப்பு வரும். டிசிக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அதனால்தான் 250 வோல்ட் ஏசி என்று போட்ட அதே ரிலேயில், டிசி என்றால் 30 வோல்ட் என்று எழுதியிருப்பார்கள். மாடியில் சோலார் தகடு வைத்துவிட்டு, அதன் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசியை இந்த நீலப் பெட்டியால் வெட்டப் பார்ப்பது தீயோடு விளையாடுவது.

ஏசியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. டைமர் தன் விநாடியை மின் அலையிலிருந்தே எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 அலை எண்ணினால் ஒரு விநாடி. துல்லியமான, மலிவான வழி. ஆனால் அப்போது ரிலே ஒவ்வொரு தடவையும் அலையின் ஒரே இடத்தில், ஒரே திசையில் மின்சாரம் பாயும்போதுதான் திறக்கும். ஏசி, ரிலேயின் கண்ணுக்கு டிசிபோல ஆகிவிடுகிறது. உலோகம் எப்போதும் ஒரே முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முள்ளுமாகி, கடைசியில் முள் குழிக்குள் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் ஒழுங்கற்ற 555, இந்த விஷயத்தில் மட்டும், துல்லியமான கடிகாரத்தைவிட ரிலேக்கு நல்லது செய்கிறது.

அசையும் பாகமே வேண்டாமென்றால் டிரையாக் என்னும் மின்னணு சுவிட்ச், அல்லது அதை உள்ளே வைத்து விற்கும் சாலிட் ஸ்டேட் ரிலே. அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணம் பார்த்துப் போடும் ரகம் கிடைக்கிறது. ஆறிய பல்புக்கும் காலிக் கெபாசிட்டருக்கும் அதைவிட நல்ல வரவேற்பு இருக்க முடியாது. பொறி இல்லை, ஓசை இல்லை, 1 லட்சம் என்ற வரம்பும் இல்லை. விநாடிக்கு ஒரு தடவை மின்ன வேண்டிய விளக்குக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இதற்கும் விலை உண்டு. எரியும் நேரம் முழுவதும் இதன் குறுக்கே ஒரு வோல்டுக்குச் சற்று அதிகமாக இழப்பு இருக்கும். 10 ஆம்பியர் ஓடினால் பத்துப் பன்னிரண்டு வாட் வெப்பமாகும். அலுமினிய ஹீட் சிங்க் இல்லாமல் பெட்டிக்குள் அடைத்தால் தன்னையே வேகவைத்துக்கொள்ளும். வோல்டேஜ் அதிர்வைத் தணிக்கப் பக்கத்தில் ஒரு கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் வைப்பார்கள். வழக்கமான 0.1 மைக்ரோஃபாரட் என்றால், 'ஆஃப்' நிலையிலும் அதன் வழியே 7 மில்லி ஆம்பியர் கசியும். அணைத்த எல்இடி இருட்டில் பூனைக்கண்போல மங்கலாக எரிவது பல இடங்களில் இதனால்தான். சாலிட் ஸ்டேட் ரிலே அணைந்திருக்கிறது என்று நம்பி வயரைத் தொடுகிறவருக்கு அந்தக் கசிவே நல்ல அடி கொடுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது கெட்டால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே கெடும். டைமர் அணை என்று எத்தனை கத்தினாலும் ஹீட்டர் கொதித்துக்கொண்டே இருக்கும். முன்னால் கையால் நிறுத்தக்கூடிய சுவிட்சோ எம்சிபியோ இல்லாமல் இதை மாட்டக்கூடாது.

மின்னி அணைவதில் வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அது மனிதர் பக்கமிருந்து வருவது. விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் ஒளி, ஒளியால் வலிப்பு தூண்டப்படும் சிலருக்கு ஆபத்து. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் என்ற கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 தடவை மாறி மாறிப் பளிச்சிட்ட காட்சிக்குப் பிறகு அறுநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பந்தல் விளக்கை வேகமாக ஓட்டினால்தான் அழகு என்பவர்கள் இதை ஒரு தரம் நினைத்துப் பார்க்கலாம்.

வேகமாகப் போட்டு அணைப்பதே முறையாக இருக்கும் சாதனங்களும் நம் வீட்டில் உண்டு. இஸ்திரிப்பெட்டியின் தெர்மோஸ்டாட் அப்படித்தான் வேலை செய்கிறது. இண்டக்ஷன் அடுப்பைக் குறைந்த சூட்டில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டால், பல மாடல்களில் சில விநாடி ரீங்காரம், சில விநாடி மௌனம் என்று மாறி மாறி வரும். பாலும் இரும்பும் சூட்டை மெதுவாக ஏற்று மெதுவாக இழப்பதால், அந்த விட்டு விட்டு வரும் வெப்பத்தை ஒரே சீரான பாதி வெப்பமாக எடுத்துக்கொள்கின்றன.

மோட்டார் அந்த ஜாதி அல்ல. 'மோட்டாரை டக்கு டக்குன்னு போட்டு அணைக்காதீங்க சார்' என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். காரணத்தை அவர்கள் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நிற்கும் மோட்டார் கிளம்பும்போது ஓட்ட நிலையைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். செம்புச் சுற்றில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறு மடங்கு மின்னோட்டம் என்றால் 36 மடங்கு வெப்பம். ஒரு விநாடியில் கிளம்பிவிட்டால் கவலையில்லை. தொடர்ந்து ஓடும்போது அதன் விசிறியோ சுற்றியுள்ள தண்ணீரோ அந்தச் சூட்டை எடுத்துப்போய்விடும். கிளம்பிய கையோடு நிறுத்தி, நின்ற கையோடு கிளப்பினால் சூடு மட்டும் சேரும், குளிர நேரம் இருக்காது. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் இன்னும் நோஞ்சான். தடவைக்கு 3 விநாடி வீதம் மணிக்கு 20 தடவை என்பது அதற்கு வழக்கமாகப் போடும் வரம்பு.

தமிழ்நாட்டில் ஊற்று குறைந்த போர்வெல்களுக்கு சைக்ளிக் டைமர் வைக்கும் விவசாயிகள் இதை அனுபவத்தில் கண்டுகொண்டவர்கள். இருபது நிமிடம் இறைப்பு, முக்கால் மணி நேரம் ஓய்வு என்று வைப்பார்கள். ஓய்வில் நீர்மட்டம் மறுபடி ஏறும், மோட்டாரும் ஆறும். இதே டைமரை நிமிடக் கணக்கிலிருந்து விநாடிக் கணக்குக்கு இறக்கினால், முதலில் போவது கெபாசிட்டர், அடுத்தது காயில்.

குளிர்சாதனப் பெட்டியில் இன்னொரு தடையும் சேர்கிறது. கிங்ஸ் சர்க்கிள், 1940 முதல் அங்கே இருக்கும் கஃபே மெட்ராஸ் போன்ற உணவகங்களின் வட்டாரம். அந்தச் சமையலறைகளில் மாவும் பாலும் கெடாமலிருக்கக் கம்ப்ரஸர் ஓடித்தான் ஆக வேண்டும். கம்ப்ரஸர் நின்ற கணத்தில் அதன் ஒரு பக்கம் வாயு அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். மயிரிழைக் குழாய் வழியாக இரண்டும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் கிளப்பினால் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுழல முடியாமல் உறுமும். ஓவர்லோடு காப்பு 'டிக்'கென்று வெட்டும். ஆறியதும் திரும்ப முயலும். ஸ்டெபிலைசரில் மூன்று நிமிட டைம் டிலே இருப்பது இதற்குத்தான். ஃப்ரிட்ஜையோ ஏசியையோ விநாடிக் கணக்கு டைமரில் மாட்டுவதற்கு நியாயமே கிடையாது.

ஒரு மழை நாளில் இவை எல்லாம் ஒன்றுசேரும். கிங்ஸ் சர்க்கிளும் அதையொட்டிய காந்தி மார்க்கெட்டும் தாழ்வான நிலம். பலத்த மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் வடிய வழியின்றித் தண்ணீர் தேங்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை மும்பைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். தண்ணீர் மின்பெட்டிகளைத் தொடும் நிலை வந்தால், மும்பையின் தீவு நகரப் பகுதிக்கு மின்சாரம் தரும் பெஸ்ட் நிறுவனம் பாதுகாப்புக்காக அந்தப் பகுதியின் சப்ளையை நிறுத்த வேண்டிவரும். சாதாரண நாளில் நூறு வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு பகுதிதான் ஒரு கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை தங்கள் ஓய்வில் இருக்கும். இந்த முறை தவறிய தாளம்தான் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றுகிறது. சில மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனால் நூறு பெட்டியும் சூடாகி, நூறும் காத்திருக்கும். சப்ளை திரும்பிய விநாடியில் எல்லாம் சேர்ந்து இழுக்கும். சைக்ளிக் டைமர்களும் அப்படியே. மின்சாரம் போனதும் மறந்து, வந்ததும் பூஜ்யத்திலிருந்து தொடங்குபவை அவை. அதுவரை ஒன்றுக்கொன்று விலகி ஓடிய பத்து டைமரும் அந்தக் கணத்தில் ஒரே அடியெடுத்து வைக்கும். மின்சாரம் வந்தபின் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் காத்துக் கிளம்பும்படி வைப்பது ஒரு ரெசிஸ்டர் மாற்றத்தில் முடிகிற வேலை. செய்கிறவர்கள் குறைவு.

தரைத்தளத்துக் குழியில் சேரும் மழைத்தண்ணீரை வெளியேற்றும் பம்புக்கும் சிலர் டைமர் மாட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நில். டைமருக்குக் கண் கிடையாது. மழை விட்டபிறகும் பம்ப் காற்றைக் குடித்துச் சூடாகும். கொட்டும்போதும் பாதி நேரம் சும்மா நிற்கும். இங்கே வேண்டியது நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை சுவிட்ச். ஒரு மட்டத்தில் போடவும் அதற்குக் கீழே இன்னொரு மட்டத்தில் அணைக்கவும் இரண்டு இடம் வேண்டும். இரண்டும் நெருங்கியிருந்தால் அலை அடிக்கும்போதெல்லாம் மோட்டார் துடிக்கும்.

எத்தனை இடைவெளி என்பதற்குப் பொறியாளர்கள் ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு விசித்திரம் உண்டு. பம்புக்கு மிகக் கெட்ட மழை, கொட்டித் தீர்க்கும் மழையல்ல. கொட்டினால் அது பாட்டுக்கு நிற்காமல் ஓடும். தூறலும் அல்ல, தூறலில் குழி நிரம்பவே நெடுநேரமாகும். பம்பின் திறனில் சரிபாதி அளவு தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதுதான் அது மிக அதிகத் தடவை கிளம்பி நிற்கும். அந்த நிலைக்குக் கணக்குப் போட்டால், இரண்டு மட்டங்களுக்கும் நடுவிலுள்ள கொள்ளளவு, பம்ப் ஒரு நிமிடத்தில் இறைக்கும் லிட்டரை, ஒரு கிளம்பலுக்கும் அடுத்த கிளம்பலுக்கும் நடுவே வேண்டிய நிமிடத்தால் பெருக்கி, நாலால் வகுத்த அளவு. நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இறைக்கும் பம்ப் ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கிளம்பக்கூடாதென்றால் 1,500 லிட்டர். பெரிய பம்ப் வாங்கினால் நிம்மதி என்று நினைப்பவர்கள், குழியை அப்படியே விட்டு பம்பை மட்டும் இரட்டிப்பாக்கினால், மிகக் கெட்ட மழையில் கிளம்பும் தடவையும் இரட்டிப்பாகும்.

மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களில் குழியை அகலப்படுத்த இடம் இருக்காது. அங்கே செய்யக்கூடியது ஒரே பெரிய பம்புக்குப் பதில் இரண்டு சின்ன பம்புகள். மிதவை மேலே வரும்போதெல்லாம் ஒரு தரம் இதையும் மறுதரம் அதையும் கிளப்பும் ஆல்டர்னேட்டர் ரிலே கடையில் கிடைக்கிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் கிளம்பும் தடவை பாதியாகும், ஆற நேரம் கூடும். ஒன்று பழுதானால் அன்றைய மழைக்கு இன்னொன்று இருக்கும்.